பதினைந்து நிமிடம்

உறை கிழியும் சத்தம்
அவருக்குக் கேட்கவில்லை.
காதில் ஹெட்ஃபோன்;
அவரே கேட்டு வாங்கிய அக்கார்டியன்.
மணிக்கட்டு வழியே போன கம்பி
இடதுபக்கத் தமனியின் இடுக்கைத் தாண்டி நின்று
ஓர் எண்ணைச் சொல்லியிருந்தது:
பூஜ்யம் புள்ளி ஏழு ஒன்று.
அடைப்பு மெய். வலியும் மெய்.
மிச்சமெல்லாம் அந்தச் சீட்டில்.

டாக்டர் ஒயார்சூன் படித்தார்,
எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.
ஸ்டென்ட் வேண்டாம். எதுவுமே வேண்டாம்.

ஒன்றும் செய்யாமலிருக்கவும் விதி உண்டு,
பக்கம் முப்பத்தொன்றில்:
பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல்
நோயாளி மேசையிலேயே இருக்க வேண்டும்.
ஈயக் கவசத்துக்குள் வேர்க்க வேர்க்க
நால்வர் நின்றோம்.
ஒருவர் கையுறை நுனியை
இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.
நான் கடிகாரம் பார்க்கிறவள்.
போர்வைக்கடியில்
டோன் எலெவுத்தேரியோவின் கால் கட்டைவிரல்
தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

வால்திவியா சின்ன ஊர்.
ஆறுகள், ஓயாத மழை, கரையில் மீன்சந்தை.
ஆறு வாரம் ஒருவர் கண்ணில் படாமலிருக்க
இங்கே வழியில்லை.

நான்காம் வாரச் சனிக்கிழமை.
கடல்சிங்கங்கள் மீன்குடலுக்காகப் படித்துறையில் கிடந்தன.
காய்ந்து சுருண்ட கடற்பாசிக் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து
பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.
"நெலிடா! நியேப்லாவில் என் வீட்டுக்கு
எழுபத்தெட்டுப் படி.
முன்பெல்லாம் இருபத்திரண்டில் உட்கார்ந்துவிடுவேன்.
நேற்று ஈரப்பாசியைத் தோளில் போட்டு
ஒரே மூச்சில் ஏறிவிட்டேன்.
நல்ல இரும்பாகத்தான் வைத்திருக்கிறீர்கள்!"
மார்பைத் தட்டினார்.
தட்டிய இடத்தில் இரும்பில்லை.

அவரை ஏமாற்றினோம் என்று யாரும் சொல்ல முடியாது.
பதினொரு பக்கத்தையும் நர்ஸ் ஃபிலோமேனா
வரிவரியாக வாசித்துக் காட்டியபோது
"பூவா தலையா, அவ்வளவுதானே" என்று சிரித்தபடி
கையெழுத்துப் போட்டவர்.
சுண்டிய காசை உடம்பு
யாரையும் கேட்காமல் திருப்பிப் பார்த்துவிட்டது,
தனக்கு வேண்டியதைக் கண்டுகொண்டது.

வாய்க்குப் பூட்டுப் போட
ஒப்பந்தம் இருந்தது எனக்கு.
முகத்துக்கு?
கட்டு என்ன விலை என்று கேட்டேன்.
காசு வாங்க மறுத்துவிட்டார்.
அன்றிரவு ஊறப்போட்ட பாசி
விடிவதற்குள் உப்பி
பானை விளிம்பைத் தள்ளிக்கொண்டு நின்றது.

ஆறாம் வாரம் ட்ரெட்மில்.
சீட்டை அறியாத ஆட்கள், வேறு அறை.
நாற்பத்தொரு விநாடி கூடுதலாக நடந்தார்.
"உங்களுக்கு எது நடந்ததென்று நினைக்கிறீர்கள்?"
"ஸ்டென்ட்." யோசிக்கவேயில்லை.

பிறகு சொன்னார்கள். நானும் உடனிருந்தேன்.
தொப்பியை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.
கோபமில்லை.
டாக்டரை விட்டு என்னைப் பார்த்துத்தான் கேட்டார்:
"அவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள்?"
"காத்திருந்தோம்."
"எதற்கு?"

இப்போதே வைத்துக்கொள்ளலாம், செலவில்லை என்றார்கள்.
பாசி அறுப்பு முடியட்டும் என்றார்.

ஞாயிறன்று
எனக்கு நியேப்லாவில் ஒரு வேலையுமில்லை.
பேருந்து நிறுத்தத்திலிருந்து அந்தப் படிகள் தெரியும்.
தோளில் கட்டோடு ஏறிக்கொண்டிருந்தார்.
எண்ணிக்கொண்டே வந்தேன்.
இருபத்திரண்டில்
கட்டை இறக்கிவைத்து உட்கார்ந்தார்.

மழையில் படி வழுக்கியிருக்கலாம்.
சுமை கூடுதலாக இருந்திருக்கலாம்.
நாங்கள் சொன்ன வார்த்தை
இடுக்கில் போய் நின்றிருக்கலாம்.
அதை எழுதப் படிவத்தில் கட்டமில்லை.
அவர் கோப்பு வெள்ளிக்கிழமையே மூடியாயிற்று,
நாற்பத்தொரு விநாடியோடு.

குடைக்குள் நின்றபடி
பழக்கத்தில்
கடிகாரத்தைப் பார்த்தேன்.